ஆங்கிலச் சொல்வளம் பெருக எந்த அறிவியல் புனைகதையைக் கையில் எடுப்பது?

"ஆங்கில நாவல் படியுங்கள், சொற்கள் தாமாக வந்து சேரும்" என்ற அறிவுரை எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. எந்த நாவல் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அறிவியல் புனைகதையில் ஆர்வமுள்ளவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பழைய வெல்ஸிலிருந்து தொடங்குவதா, அசிமோவா? திரைப்படமாகப் பார்த்துவிட்ட 'தி மார்ஷியன்' சுலபமாக இருக்குமா? எல்லோரும் பேசுகிற 'டூன்' எப்படி? தேர்வு நெருங்கிய சிலர், நாவலே வேண்டாம், சொற்பட்டியலை மனப்பாடம் செய்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள்.

புத்தகத்தின் புகழை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த நாவலில் கற்ற சொல், நாவலை மூடி வைத்த பிறகு எங்கே பயன்படும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். துப்பறியும் கதைக்கோ குடும்பக் கதைக்கோ இந்த எச்சரிக்கை அவ்வளவு தேவையில்லை. அறிவியல் புனைகதை எழுத்தாளர்களோ இல்லாத உலகத்தைப் படைக்கிறார்கள். அதற்கு இல்லாத சொற்களையும் படைக்கிறார்கள். அவற்றில் சில உண்மையான ஆங்கிலமாகவே ஆகிவிட்டன. 'ரோபாட்' என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்திலிருந்து வந்தது. 'ரோபாட்டிக்ஸ்' 1941இல் அசிமோவின் சிறுகதையில் பிறந்தது. 'சைபர்ஸ்பேஸ்' 1982இல் வில்லியம் கிப்சன் உருவாக்கியது. இப்படி வெளியே வந்த சொற்கள் கொஞ்சம். பிறந்த புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிட்டவைதான் ஏராளம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எது எந்த வகை என்று படித்தவுடன் தெரிந்துவிடும். கற்றுக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. அவர் இரண்டையும் ஒரே அக்கறையோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, ஒரு பக்கத்தில் எத்தனை சொற்கள் தெரியவில்லை என்பதை. சொல்வளம் கற்றல் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பால் நேஷன் 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டார். ஆங்கில நாவலில் 100 சொற்களுக்கு 98 தெரிந்திருக்க வேண்டுமானால் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வரை தெரிந்திருக்க வேண்டும். 95 போதும் என்றால் சுமார் 4,000. ஓர் அடிப்படைச் சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். இதைப் பக்கக் கணக்காக மாற்றிப் பாருங்கள். 300 சொற்கள் கொண்ட பக்கத்தில், 98 விழுக்காடு தெரிந்தவருக்கு 6 சொற்கள் புதியவை; 95 விழுக்காடு தெரிந்தவருக்கு 15. ஆறு என்றால் கதை ஓடும். பதினைந்து என்றால் பத்திக்குப் பத்தி நின்றுவிடும். எனவே வாங்குவதற்கு முன் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள். முதல் பக்கத்தில் எண்ண வேண்டாம். எழுத்தாளர்கள் முதல் பக்கத்தைத் தனிக் கவனத்தோடு செதுக்கியிருப்பார்கள், மற்றப் பக்கங்கள் அப்படி இருக்காது.

இரண்டாவது, ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறதா என்பது. ஒருமுறை கண்ணில் பட்டு மறைந்த சொல் மனத்தில் தங்குவதில்லை. இதற்கு அறிவியல் புனைகதை உலகத்திலிருந்தே ஒரு நல்ல சான்று உண்டு. அந்தோணி பர்ஜெஸ் 1962இல் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில், ரஷ்ய மொழியிலிருந்து திரித்து உருவாக்கிய சொற்கள் இருநூற்றுக்கும் மேல் வருகின்றன. சராகி, நேஷன், மைஸ்டர் என்ற மூவர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களிடம் இந்த நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சொற்களைச் சோதிக்கப் போகிறோம் என்று சொல்லவில்லை. பிறகு 90 சொற்களுக்குப் பொருள் கேட்டபோது, சராசரியாக 76 விழுக்காடு சரியான விடைகள் வந்தன. அதிக முறை வந்த சொற்களே நன்றாக நினைவில் நின்றன. அகராதி இல்லாமல், கதையிலிருந்தே சொல்லைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது வலுவான ஆதாரம். ஆனால் அந்த வாசகர்களுக்கு மற்ற எல்லாச் சொற்களும் ஏற்கெனவே தெரியும் என்பதையும், அவர்கள் கற்றவை வெளியே யாரும் பேசாத சொற்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நான் முன்பே சொன்னது: வெளியே பயன்படுமா? நான்காவது, நீங்கள் அதைப் படித்து முடிப்பீர்களா? நாற்பது பக்கத்தில் கைவிட்ட மகத்தான நாவலைவிட, கடைசிப் பக்கம் வரை படித்த சுமாரான நாவல் அதிகச் சொற்களைத் தரும். விலையும் கிடைக்கும் வசதியும் கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

எச். ஜி. வெல்ஸ்: பணம் கேட்காதவர், பொறுமை கேட்பவர்

'தி டைம் மெஷின்' 1895இல் வந்தது, 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1898இல். வெல்ஸ் 1946இல் இறந்தார். இந்தியச் சட்டத்தில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை என்பதால், 2007இலிருந்து இவை இங்கே பொதுச் சொத்து. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக, சட்டப்படியே இறக்கிக்கொள்ளலாம். லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவும் இலவசம். 'தி டைம் மெஷின்' சுமார் 32,000 சொற்கள் மட்டுமே. ஒரு வாரத்தில் முடித்துவிடக்கூடிய அளவு.

சொற்களின் தரம் என்று பார்த்தால் இவருக்கு ஈடு இந்தப் பட்டியலில் குறைவு. 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' முதல் பத்தியிலேயே 'ஸ்க்ரூட்டினைஸ்' (கூர்ந்து ஆராய்வது), 'டிரான்சியன்ட்' (நிலையற்ற), 'கம்ப்ளேசன்சி' (மெத்தனம்) என்று வரிசையாக வருகின்றன. மூன்றும் இன்றைய தலையங்கத்திலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் உயர்கல்வித் தேர்விலும் உயிரோடு இருப்பவை. செவ்வாய்க் கிரகத்தவர் நம்மை எப்படிக் கூர்ந்து கவனித்தார்கள் என்ற அந்தக் காட்சியோடு சேர்த்து 'ஸ்க்ரூட்டினைஸ்' என்ற சொல்லைக் கற்றவர் அதை மறக்கமாட்டார். பட்டியலில் மனப்பாடம் செய்தவருக்கு அந்தப் பிடிமானம் கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவு, காலம். 'டாக்கார்ட்' என்பது ஒருவகைக் குதிரை வண்டி. 'அயர்ன்கிளாட்' இரும்புக் கவசமிட்ட போர்க்கப்பல். 'ஹீலியோகிராஃப்' கண்ணாடியில் வெயிலைத் திருப்பிச் செய்தி அனுப்பும் கருவி. இவற்றைக் கற்று இன்று செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இவை கண்ணுக்குத் தெரிகிற பழமை என்பதால் ஆபத்தும் இல்லை. ஆபத்து, பார்ப்பதற்குப் புதிதாகவே தோன்றும் பழைய பயன்பாட்டில் இருக்கிறது. 'பிரசென்ட்லி' என்ற சொல்லை வெல்ஸ் 'சற்று நேரத்தில்' என்ற பொருளில் திரும்பத் திரும்ப எழுதுவார். நம் அலுவலகங்களில் அதே சொல் 'இப்போது' என்றுதான் புரிந்துகொள்ளப்படுகிறது. வெல்ஸிடம் கற்றதை அப்படியே ஒரு மின்னஞ்சலில் எழுதினால், படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார்.

வாக்கியங்களும் நீளம். அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம் ஓடினால் தொலைந்துபோகிறவர்கள் இவரை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளி வைப்பது நல்லது. வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. போன்ற தேர்வு ஒரு வருடம் தள்ளி இருக்கிறது, கையில் பணமில்லை, ஆங்கிலம் ஓரளவு ஓடுகிறது என்பவருக்கு இவரைவிடச் சிறந்த தேர்வு எனக்குத் தெரியவில்லை.

ஐசக் அசிமோவ்: பெரும்பாலோருக்குச் சரியான வாசல்

தமிழ்வழியில் படித்து, ஆங்கில நாளிதழைச் சிரமப்பட்டேனும் படித்துவிடக்கூடியவருக்கு முதல் நாவல் எது என்று கேட்டால், நான் தயங்காமல் அசிமோவைச் சொல்வேன். அவர் நடையை அலங்கரிப்பதில்லை. தெளிவாக எழுதுவது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர். ரஷ்யாவில் பிறந்து மூன்று வயதில் அமெரிக்கா வந்த குழந்தை. பெற்றோரின் மொழி இத்திஷ். அவர் எழுதிய ஆங்கிலத்தில் வாக்கியங்கள் குறுகியவை, உரையாடல் மிகுதி, வருணனை குறைவு. வருணனை குறைவு என்பதை விமர்சகர்கள் அவருடைய குறையாகச் சொல்வார்கள். கற்பவருக்கு அதுவே வசதி: அறைகலன், துணிமணி, செடிகொடிப் பெயர்களில் சிக்கிக்கொள்ளாமல் கதை நகரும்.

அவருடைய பாத்திரங்கள் ஓயாமல் வாதாடுகிறார்கள். அதனால் வாதத்துக்குரிய சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஊகம், முரண், விளைவு, மறுப்பு, சான்று, தர்க்கம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள். இவை கட்டுரை எழுதவும் நேர்முகத்தில் பேசவும் தேவைப்படுகிற சொற்களேதான். 'ஐ, ரோபாட்' (1950) ஒன்பது கதைகளின் தொகுப்பு. ரோபாட்டுகள் மீறக் கூடாத மூன்று விதிகள் முதலில் சொல்லப்படுகின்றன. பிறகு ஒவ்வொரு கதையும் அந்த விதிகள் எங்கே இடறுகின்றன என்று ஆராய்கிறது. ஒரே பிரச்சினை ஒன்பது கோணங்களில் வருவதால் அதே சொற்கள் ஒன்பது முறை புதுப்பிக்கப்படுகின்றன. இரண்டாவது அளவுகோலை இதைவிட நன்றாக நிறைவு செய்யும் புத்தகம் கிடைப்பது கடினம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோவை ரசித்தவர்களுக்கு இந்த ரோபாட்டுகள் அந்நியமாகவும் தெரியாது. கதைக்களம் பழகியதாக இருந்தால் சொல்லை ஊகிப்பது எளிது.

சிறுகதை பிடிக்காது, முழு நாவலே வேண்டும் என்பவர் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' படிக்கலாம். ஒரு மனிதத் துப்பறிவாளரும் ஒரு ரோபாட்டும் சேர்ந்து ஒரு கொலையை விசாரிக்கும் கதை. கொலையாளி யார் என்ற ஆவல் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்லும். 'ஃபவுண்டேஷன்' புகழ்பெற்றதுதான், ஆனால் பகுதிக்குப் பகுதி பாத்திரங்கள் மாறிவிடுவதால் முதல் புத்தகமாக அது சரிவராது.

செலவு என்ன? அவருடைய பாத்திரங்கள் கோபத்தில் 'கேலக்ஸி!' என்றும் 'ஸ்பேஸ்!' என்றும் கத்துவார்கள். அது அந்த உலகத்து வசவு, நமக்கு வேண்டாம். உணவு, உடல், இயற்கை, மெல்லிய உணர்ச்சிகள் பற்றிய சொற்கள் இவரிடம் மிகக் குறைவு. அசிமோவை மட்டுமே படித்தவர் ஒரு வாதத்தை நன்றாக எழுதுவார். ஒரு மழை நாளை எழுதத் திணறுவார்.

அந்தக் குறையை ஆர்தர் சி. கிளார்க் ஓரளவு ஈடுசெய்வார். 1956இலிருந்து 2008இல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979) நாவலின் களமான தப்ரபேன் தீவே இலங்கையின் சாயலில் படைக்கப்பட்டதுதான். அதன் பாறைக் கோட்டை சிகிரியாவையும், புனித மலை சிவனொளிபாத மலையையும் நினைவூட்டும். அந்த நிலத்தை அறிந்தவர்களுக்குப் பாறை, ஓவியம், மடாலயம், மூடுபனி பற்றிய வருணனையில் வரும் புதிய சொற்கள் படமாகவே விரியும். பஸ்ஸிலும் ரயிலிலும் படிப்பவர்களுக்கு அவருடைய 'ரான்டேவூ வித் ராமா' பொருத்தம். அத்தியாயங்கள் மிகச் சிறியவை. இரண்டு நிறுத்தங்களுக்குள் ஒன்றை முடித்துவிடலாம்.

ஆண்டி வியர்: பேச்சு வழக்கு வேண்டுமென்றால்

'தி மார்ஷியன்' முதலில் ஆசிரியரின் சொந்த இணையதளத்தில் தொடராக வந்து, 2011இல் மின்னூலாகி, 2014இல் அச்சுப் பதிப்பகத்திலிருந்து வெளியானது. அதன் பெரும்பகுதி, செவ்வாயில் தனியாக விடப்பட்ட ஒருவன் எழுதும் நாட்குறிப்பு. ஆகவே நடை, ஒரு அமெரிக்கப் பொறியாளர் நண்பரிடம் பேசுவது போலவே இருக்கும்.

இதில் கிடைப்பவை பெரும்பாலும் அருஞ்சொற்கள் அல்ல. 'ஃபிகர் அவுட்', 'ரன் அவுட் ஆஃப்', 'ப்ளோ அப்' போன்ற கூட்டு வினைகள். பள்ளியில் இவற்றை யாரும் ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பதில்லை. அமெரிக்கக் குழுவோடு தினமும் பேசும் மென்பொருள் பணியாளர் தடுமாறுவது அருஞ்சொற்களில் அல்ல, இவற்றில்தான். அவருக்கு வெல்ஸின் மொத்த நூல்களைவிட இந்த ஒரு நாவல் அதிகம் உதவும்.

இங்கே மூன்று செலவுகள் இருக்கின்றன. சுருக்கெழுத்துப் பெயர்களும் வேதிப்பெயர்களும் குவிந்திருக்கின்றன. 'ஹைட்ரசின்' தெரிந்து நமக்கு ஆவது ஒன்றுமில்லை. அவற்றைத் தாவிச் செல்லும் மனம் வேண்டும். அடுத்து, முதல் வரியிலேயே கெட்ட வார்த்தை. பள்ளி மாணவருக்கு வாங்குபவர்கள், வசைச்சொற்கள் நீக்கப்பட்ட வகுப்பறைப் பதிப்பு தனியாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது செலவு இன்னும் நுட்பமானது. இந்தக் கிண்டல் நடை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வேலைக்கான விண்ணப்பத்தில் அது ஏறிவிட்டால் மரியாதைக் குறைவாகத் தெரியும்.

திரைப்படம் பார்த்தவர்கள் படிக்கலாமா? தாராளமாக. கதை தெரிந்திருப்பது சொல்லை ஊகிக்க உதவுமே தவிரக் கெடுக்காது.

'ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்': படிப்படியாக ஏறும் மொழி

டேனியல் கீஸின் இந்தப் படைப்பைச் சொல்வளத்துக்கென்று யாரும் பரிந்துரைப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. அது எனக்கு வருத்தம். 1959இல் சிறுகதையாகவும் 1966இல் நாவலாகவும் வந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய சார்லி கார்டன் என்ற 32 வயது மனிதனுக்கு, முன்பு அல்ஜெர்னான் என்ற சுண்டெலியிடம் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. கதை முழுவதும் அவனே எழுதும் அறிக்கைகள். தொடக்கத்தில் அவனுக்குக் கொஞ்சம் சொற்களே தெரியும், எழுத்துக்கூட்டலும் பிழை. சிகிச்சைக்குப் பின் மெல்ல மெல்ல வாக்கியம் நீள்கிறது, சொற்கள் கூடுகின்றன. காற்புள்ளி என்றால் என்ன என்று கற்றுக்கொண்ட நாளில் எல்லா இடத்திலும் காற்புள்ளி போடுகிறான். உச்சத்தில் அறிவியல் அறிக்கை எழுதும் மொழிக்கு வந்துவிடுகிறான். பிறகு எல்லாம் அவனைவிட்டு நழுவுகிறது.

ஒரே புத்தகத்துக்குள் எளிய ஆங்கிலத்திலிருந்து கடின ஆங்கிலத்துக்கு இப்படி ஏற்றிச் செல்லும் வேறொரு நாவலை நான் அறியேன். புதிய சொல் வரும்போது அது சார்லிக்கும் புதிது, நமக்கும் புதிது. அவன் சொற்களை இழக்கும்போது, அவனோடு சேர்ந்து கற்றவருக்கு ஒவ்வொரு இழப்பும் தைக்கும். அப்படித் தைத்த சொல் மறப்பதில்லை.

தொடக்கப் பக்கங்களின் எழுத்துப்பிழைகள்தான் இங்கே செலவு. எது சரியான எழுத்துக்கூட்டு என்று உறுதியாகத் தெரியாதவர் குழம்பிவிடுவார். பிழையான வடிவமே கண்ணில் பதியும் அபாயமும் உண்டு. அடிப்படைச் சொற்களை மயக்கமின்றி எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் எடுங்கள். பதின்ம வயதினருக்கு நாவலைவிடச் சிறுகதை வடிவமே ஏற்றது. நாவலில் பெரியவர்களுக்கான உறவுச் சிக்கல்கள் சேர்ந்திருக்கின்றன.

பிராட்பரியும் 'டூன்' நாவலும்: இப்போதைக்கு வேண்டாம்

ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) சுமார் 46,000 சொற்கள்தான். சிறியது என்பதால் பலர் இதை முதலில் எடுக்கிறார்கள். அளவு ஏமாற்றிவிடும். பிராட்பரி உருவகத்தால் எழுதுபவர். தீ வைக்கும் குழாய் மலைப்பாம்பாகிறது, மண்ணெண்ணெய் அதன் நஞ்சாகிறது. சொல் ஒவ்வொன்றும் அகராதியில் கிடைக்கும், பொருள் மட்டும் கிடைக்காது. ஐந்தாறு நாவல்கள் முடித்தவருக்கு இது பெரிய விருந்து. ஒரு சொல்லை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்று இங்கே கற்கலாம்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' (1965) விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பானவன். நாவல் மிகப் பெரியது. 1,80,000 சொற்களுக்கு மேல். கடைசியில் அந்த உலகத்துச் சொற்களுக்கென்று தனி அருஞ்சொற்பொருள் அட்டவணையே இருக்கிறது. புனைந்த சொற்கள் மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடலாம். இங்கே கலப்படமாக இருக்கின்றன. 'மென்டாட்', 'கிரிஸ்நைஃப்', 'ஸ்டில்சூட்' ஆகியவை ஹெர்பர்ட்டின் படைப்புகள். 'ஃபீஃப்' (மானிய நிலம்), 'பிரசியன்ஸ்' (வருவதை முன்பே அறிவது) உண்மையான, பயனுள்ள ஆங்கிலச் சொற்கள். 'மெலான்ஷ்' உண்மையான சொல்தான், கலவை என்று பொருள். நாவலிலோ அது ஒரு போதைமிக்க வாசனைப் பொருளின் பெயர். 'ஜிஹாத்', 'மஹ்தி' அரபியிலிருந்து வந்தவை. கற்பவர் இவற்றை எப்படிப் பிரிப்பார்? இந்த நாவலை நான் மிகவும் மதிக்கிறேன். கதைக்காகப் படியுங்கள், சொல்வளத்துக்காகப் படிக்க வேண்டாம்.

நாவல் அல்லாத வழிகள்

ஒரு பக்கத்தில் பதினைந்துக்கு மேல் தெரியாத சொற்கள் வந்தால், எந்த நாவலும் இப்போது உங்களுக்கு இல்லை. படிநிலை வாசிப்பு நூல்களுக்குப் போங்கள். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் படி 400 தலைச்சொற்களில் (அகராதியில் தனிப் பதிவாக வரும் அடிப்படைச் சொற்கள்) தொடங்கி ஆறாம் படியில் 2,500 வரை செல்கிறது. 'தி டைம் மெஷின்' போன்ற கதைகளின் சுருக்க வடிவமும் அதில் உண்டு. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் 2,500க்கும் நேஷன் சொல்லும் 8,000க்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிறது. அங்கேயே தங்கிவிடக் கூடாது.

சொற்பட்டியல் விரைவானது. தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் அதுவே வழி, நாவலைத் தள்ளி வையுங்கள். பட்டியலில் கற்ற சொல்லுக்குப் பொருள் தெரியும், அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று தெரியாது. அதனால்தான் பட்டியல் படித்தவர்களின் கட்டுரையில் பெரிய சொற்கள் பொருந்தாத இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

| தேர்வு | நடை | வெளியே பயன்படுபவை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| வெல்ஸ் | நீண்ட வாக்கியம், பழைய பிரிட்டிஷ் | மிக அதிகம். எழுத்து, தேர்வு | மாறிப்போன பொருள்கள் |
| அசிமோவ் | எளிமை, உரையாடல் | வாதச் சொற்கள் | வருணனைச் சொற்கள் குறைவு |
| வியர் | அமெரிக்கப் பேச்சு | கூட்டு வினைகள் | சுருக்கெழுத்துகள், வசை |
| கீஸ் | எளிமையிலிருந்து கடினத்துக்கு | சீராகக் கூடும் | தொடக்கப் பிழைகள் |
| பிராட்பரி | உருவகம் | உணர்ச்சிச் சொற்கள் | அகராதி உதவாது |
| ஹெர்பர்ட் | அடர்த்தி | கலப்படம் | பிரித்தறிய முடியாமை, நீளம் |

எதை எடுத்தாலும் வரும் செலவுகள்

ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறப்பவர் நாவலை முடிப்பதில்லை. ஒருபோதும் திறக்காதவர் தவறான ஊகங்களோடு முடிக்கிறார். நான் சொல்லும் முறை எளிது: ஒரு அத்தியாயத்தை நிறுத்தாமல் படியுங்கள், பென்சிலால் அடிக்கோடு மட்டும் போடுங்கள். பிறகு, இரண்டு முறைக்கு மேல் வந்த சொல்லையும், புரியாமல் கதையையே மறித்த சொல்லையும் மட்டும் பாருங்கள். பெரிய அகராதியில் அல்ல, கற்பவர்களுக்கான அகராதியில் பாருங்கள். அதில் இல்லாத சொல் புனைந்ததாகவோ, வழக்கொழிந்ததாகவோ, துறைக்கே உரியதாகவோ இருக்கும், விட்டுவிடலாம். நாவல் ஆசிரியர் படைத்த சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

கிண்டில் கருவியில் தொட்டவுடன் பொருள் வரும், தொட்ட சொற்களையெல்லாம் அது சேர்த்தும் வைக்கும். வசதிதான். அந்த வசதியாலேயே யாரும் ஊகிக்க முயல்வதில்லை. ஊகித்துப் பிறகு சரிபார்த்த சொல்லே நிற்கும் என்பதால், முதலில் ஒரு நொடியாவது ஊகியுங்கள்.

உச்சரிப்பு இன்னொன்று. கண்ணால் மட்டும் கற்ற சொல்லை வாயால் சொல்லத் தயங்குவோம். அதற்கு ஒலிநூல் தேவை. வெல்ஸுக்கு இலவசம், மற்றவர்களுக்குப் பணம். மேலும், படித்தால் புரிகிற சொல் எழுதும்போது வந்து நிற்காது. அத்தியாயத்துக்கு மூன்று சொற்களை எடுத்து, அவை நாவலில் எந்தச் சொற்களோடு சேர்ந்து வந்தன என்று பார்த்து, உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொந்த வாக்கியம் எழுதுங்கள். அதைச் செய்யாதவருக்கு நல்ல வாசகராகும் வாய்ப்பு உண்டு. எழுத்தில் சொற்கள் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு நூல் முடிந்த பிறகு

முதல் நாவலை முடித்த மகிழ்ச்சியில் உடனே வேறு எழுத்தாளருக்குத் தாவுவது வழக்கம். அங்கேதான் இரண்டாவது அளவுகோல் கைவிடப்படுகிறது. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் பழக்கமான சொற்கள் என்று ஒரு தொகுதி உண்டு. அவரையே தொடர்ந்தால் அரைகுறையாகக் கற்ற சொற்கள் மீண்டும் எதிரில் வரும். மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் ஒரே ஆசிரியரையோ ஒரே பொருளையோ தொடர்ந்து படிக்கும் இந்த முறையை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' முடித்தவர் அதே துப்பறிவாளர் வரும் 'தி நேக்கட் சன்' (1957) எடுக்கட்டும். அது முடிந்தால் 'தி ரோபாட்ஸ் ஆஃப் டான்' (1983) இருக்கிறது. மூன்றாவது நாவலின் நடுப்பக்கத்தைத் திறந்து, தெரியாத சொற்களை மீண்டும் ஒருமுறை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஆறுக்குக் கீழே வந்திருந்தால் வெல்ஸைத் திறக்கலாம்.